ஜமைக்காவிலிருந்து வந்த 25 இலைகள்

மூலிகையும் ஆய்வகமும் – 7

"வாசல்ல நித்திய கல்யாணி பூத்துக் கிடக்கு சார். புற்றுநோய்க்கு அதுலருந்துதான் மருந்து எடுக்குறாங்கன்னு படிச்சேன். அப்பாவுக்குக் கஷாயம் வச்சுக் குடுக்கலாமா?"

சென்ற வாரம் தொலைபேசியில் ஒரு வாசகி கேட்டது இது. தூத்துக்குடிப் பக்கம். அப்பாவுக்கு நோய் இன்னதென்று தெரிந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அவர் படித்தது உண்மை. ஆனாலும் கஷாயம் கூடாது என்றேன். ஏன் கூடாது என்பதற்கு அந்தச் செடியின் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

1952-இல் கனடாவில் டாக்டர் கிளார்க் நோபிளுக்கு ஜமைக்காவிலிருந்து ஓர் உறை வந்தது. உள்ளே 25 இலைகள். அங்கே சர்க்கரை நோய்க்கு இதைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறார்கள் என்ற சேதியும் கூட வந்தது. கிளார்க் இலைகளைத் தம் தம்பி ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். ராபர்ட் அப்போது வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளர்.

சாற்றை எலிகளுக்கு வாய்வழி கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தச் சர்க்கரையில் சொல்லத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. ஊசிமூலம் ரத்தத்தில் செலுத்தினார்கள். சில நாட்களில் எலிகள் செத்தன. சர்க்கரை நோய் மருந்து தேடியவர்களுக்கு இது தோல்விதான். ஆனால் அவர்கள் விட்டுவிடவில்லை. செத்த எலிகளைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே கிருமித் தொற்று, சீழ்க்கட்டிகள். சாறு எலும்பு மஜ்ஜையை முடக்கி வெள்ளணுக்களை வற்றச் செய்திருந்தது. எதிர்ப்புச் சக்தி போன உடம்பைக் கிருமிகள் தின்றிருந்தன. வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய்? இந்த ஒரு கேள்வியில் ஆராய்ச்சியின் திசையே மாறியது. விஞ்ஞான வரலாற்றில் நான் மிக மதிக்கும் தருணங்களில் இது ஒன்று.

1954-இல் வேதியியலாளர் சார்லஸ் பியர் வந்து சேர்ந்தார். இலையில் இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, எது வெள்ளணுவைக் குறைக்கிறது என்று எலியில் சோதித்து, அதை மறுபடியும் பிரித்து, இப்படியே போய் 1958-இல் வின்பிளாஸ்டினை அறிவித்தார்கள். அமெரிக்காவில் எலி லில்லி நிறுவனத்தின் கோர்டன் ஸ்வபோடா குழுவும் அதே செடியைத் துருவிக்கொண்டிருந்தது. அவர்களிடமிருந்து வந்தது வின்கிரிஸ்டின். அது 1963-இல் அங்கே விற்பனைக்கு அனுமதி பெற்றது. குழந்தைகளுக்கு வரும் கடும் ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் கூட்டு மருந்துகளில் இன்றும் அதற்கு இடம் உண்டு. அறுபதுகளின் தொடக்கத்தில் அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. நல்ல சிகிச்சை கிடைக்கும் நாடுகளில் இன்று பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள்.

செல் இரண்டாகப் பிரியும்போது மரபணுப் பொதியை இருபக்கமும் இழுக்க நுண்குழல்கள் உருவாக வேண்டும். இந்த மருந்துகள் அந்தக் குழல்களைக் கட்டவிடாது. பாதியில் நின்ற செல் மடியும். நரம்புகளுக்கும் இதே குழல்கள் தேவை. அதனால்தான் வின்கிரிஸ்டின் ஏற்றிக்கொண்டவர்களுக்குக் கால் மரத்துப்போகிறது, விரல் நுனி கூசுகிறது.

இரண்டு மருந்துக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறியது. வின்பிளாஸ்டினில் ஒரு மெத்தில் தொகுதி இருக்கும் இடத்தில் வின்கிரிஸ்டினில் ஃபார்மைல் தொகுதி இருக்கிறது. அவ்வளவுதான். அதற்கே ஒன்று முக்கியமாக மஜ்ஜையைத் தாக்குகிறது, மற்றது நரம்பை. இலையிலோ எழுபதுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் கலந்து கிடக்கின்றன. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். பெரியவர்களுக்கு வின்கிரிஸ்டின் ஒரு தடவைக்கு வழக்கமாக 2 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. அதுவும் ரத்தக்குழாய் வழியாக மட்டுமே. ஒரு கைப்பிடி இலையைக் கொதிக்கவைத்தால் டம்ளரில் எது எவ்வளவு இறங்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

இன்று நம் கல்லூரி ஆய்வகங்களில் நடப்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, மெத்தனாலில் ஊறவைத்து, சாற்றை வற்றவைப்பார்கள். ஆய்வகத் தட்டில் வளரும் ஹீலா அல்லது எம்.சி.எஃப்-7 புற்றுச் செல்கள் மேல் அதை இடுவார்கள். பிறகு மஞ்சள் நிற எம்.டி.டி. கரைசல். உயிருள்ள செல் அதை ஊதாவாக்கும். செத்த செல் ஆக்காது. பாதிச் செல்களைக் கொல்ல எத்தனை மைக்ரோகிராம் தேவைப்பட்டது என்பதே முடிவு. அந்த எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். அதே அளவு சாறு நல்ல செல்லை என்ன செய்தது என்று பாருங்கள். அது இல்லாத ஆய்வறிக்கை பாதி ஆய்வுதான்.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1960 முதல் 1982 வரை ஏறத்தாழ 35,000 தாவர மாதிரிகளிலிருந்து 1,14,000 சாறுகளைச் சோதித்தது. டாக்ஸால், கேம்ப்டோதெசின் போல மருந்துவரை வழிகாட்டியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. தட்டில் செல் செத்ததும் 'புற்றுநோய்க்கு மூலிகை மருந்து கண்டுபிடிப்பு' என்று தலைப்புப் போடும் பத்திரிகைகள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும். அந்தத் தலைப்பை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர் இழப்பது நாட்களை. புற்றுநோயில் நாட்கள் திரும்பி வராது.

அம்மா, உங்கள் வாசலில் பூத்திருப்பது உயிர் காத்த செடிதான். அது பூத்துக்கொண்டே இருக்கட்டும். அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். இதுவரை கஷாயம், சூரணம், லேகியம் எது கொடுத்திருந்தாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

(தொடரும்)