செலவு சிறிது, தரிசனம் பெரிது: குடந்தையை நடந்தே காண்போம்

திருத்தல யாத்திரை என்று சொன்னவுடன், இந்நாளில் முதியோர் மனத்தில் பக்திக்கு முன்பாகக் கணக்கு வந்து நிற்கிறது. வாடகைக் கார், ஓட்டுநர் படி, தங்கும் விடுதி, சிறப்புத் தரிசனச் சீட்டு என்று கூட்டிப் பார்த்துவிட்டு, "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுந்துவிடுகிறோம். அந்தப் 'பிறகு' பலருக்கு வருவதே இல்லை.

நான் வங்கிப் பணியில் இருந்த நாளில், வைப்புத்தொகையின் வட்டியிலேயே வாழ்ந்த ஓர் அம்மையார் மாதந்தோறும் எங்கள் கிளைக்கு வருவார். வட்டி குறைந்தபோது அவர் முதலில் நிறுத்தியது பாலையோ மருந்தையோ அன்று. ஆண்டுக்கொரு முறை சென்றுவந்த கோயில் யாத்திரையை. "பணமே இல்லை என்பதில்லை சார். பிள்ளையிடம் கை நீட்டிக் கேட்டுச் சுவாமியைப் பார்க்க மனம் ஒப்பவில்லை" என்றார். இந்தக் கட்டுரை அவரைப் போன்றவர்களுக்காகவே எழுதப்படுகிறது. யாரிடமும் கேளாமல், ஓய்வூதியத்தில் மீதம் பிடித்த தொகையிலேயே, நிறைவாகத் தரிசிக்கக்கூடிய நகரம் ஒன்று உண்டென்றால் அது கும்பகோணமே.

ஏன் கும்பகோணம்?

ஊரின் முக்கியக் கோயில்கள் யாவும் மகாமகக் குளத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. வாகனமே வேண்டியதில்லை. அதைவிட முக்கியமான காரணம் தலபுராணத்தில் இருக்கிறது. பிரளய காலத்தில் மிதந்து வந்த அமுத கும்பத்தைச் சிவபெருமான் வேடராக வந்து அம்பெய்து உடைத்தார். கும்பம் தங்கிய இடத்தில் கும்பேசுவரர் எழுந்தருளினார். அதன் மேலிருந்த தேங்காய் விழுந்த இடம் அபிமுகேசுவரர் கோயில். வில்வம் விழுந்த இடம் நாகேசுவரன் கோயில். உறி விழுந்த இடம் சோமேசுவரர் கோயில். பூணூல் விழுந்த இடம் கௌதமேசுவரர் கோயில். ஒரு கோயிலிலிருந்து அடுத்த கோயிலுக்கு நடந்து செல்பவர், அந்தப் புராணத்தின் ஊடாகவே நடக்கிறார். காரில் விரைபவருக்கு இந்த வரிசை புலப்படாது.

ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகத் தலங்களையும் காட்டும் வேன் பயணங்களில் சென்றுவந்த அன்பர்கள் சிலரை அறிவேன். ஒன்பது தலங்களின் பெயரும் அவர்களுக்கு நினைவிருந்தது. ஒரு சந்நிதியும் நினைவில்லை. எண்ணிக்கையைக் குறைத்தால் செலவும் குறையும், தரிசனமும் நிலைக்கும்.

முதல் நாள் காலை

சென்னையிலிருந்து இரவு ரயிலில் கிளம்பினால் விடியற்காலையில் குடந்தையில் இறங்கலாம். முதியோருக்கான ரயில் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆயினும் படுக்கை வசதிப் பெட்டியில் முதியோருக்கென்று கீழ்ப் படுக்கைகள் ஒதுக்கப்பட்டுள்ளன. ஆண்களுக்கு 60 வயதும் பெண்களுக்கு 45 வயதும் நிரம்பியிருக்க வேண்டும். தனியாகவோ இருவராகவோ பயணம் செய்ய வேண்டும். முன்பதிவு செய்யும்போதே அந்த ஒதுக்கீட்டைக் கேட்டுப் பெறுங்கள்.

அறையில் நீராடிவிட்டு மகாமகக் குளத்திலிருந்து தொடங்கலாம். ஆறு ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட பரப்பு. கரையைச் சுற்றிப் பதினாறு மண்டபங்கள். உள்ளே இருபது தீர்த்தக் கிணறுகள். மண்டபங்களை எழுப்பியவர் தஞ்சை நாயக்க மன்னர்களின் அமைச்சரான கோவிந்த தீட்சிதர். படிகள் வழுக்கக்கூடியவை. தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொள்வதே முதியோருக்குப் போதும். வடகரையில் காசி விசுவநாதர் கோயிலில் நதித் தேவியர் ஒன்பதின்மரும் கன்னியராக எழுந்தருளியிருப்பதைத் தவறாமல் தரிசியுங்கள். கீழ்க்கரையில் அபிமுகேசுவரர் கோயில் உள்ளது.

அடுத்து நாகேசுவரன் கோயில். முற்காலச் சோழர் கட்டிய கற்கோயில் இது. சுவர் மாடங்களில் உள்ள சிலைகளின் முன் சற்று நேரம் நில்லுங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்தக் கல்முகங்களில் உயிர் ததும்புகிறது. சித்திரை மாதம் 11, 12, 13 தேதிகளில் கதிரவன் ஒளி நேரே மூலவர்மீது விழுமாறு கோயில் அமைந்திருக்கிறது.

அங்கிருந்து சிறிது நடந்தால் சாரங்கபாணி கோயிலின் பதினோரு நிலை ராஜகோபுரம். கருவறையே தேர் வடிவில், கல் சக்கரங்களோடும் குதிரை யானைகளோடும் அமைந்துள்ளது. உத்தராயண வாசல், தட்சிணாயன வாசல் என இரண்டு வாசல்கள். காலத்துக்கேற்ப ஒன்று திறந்திருக்கும். திருமழிசையாழ்வாருக்காகச் சற்றே எழுந்த கோலத்தில், உத்தான சயனத்தில் பெருமாள் காட்சி தருகிறார்.

இக்கோபுரத்தைக் கட்டிய லட்சுமிநாராயணன் என்னும் அடியார் பிள்ளையில்லாதவர். அவர் மறைந்தபின் பெருமாளே பிள்ளையாக நின்று ஈமக்கடன் செய்தார் என்றும், தீபாவளி அமாவாசையில் இன்றும் அவருக்குத் திதி கொடுக்கிறார் என்றும் ஐதிகம். பிள்ளைகள் தொலைவில் இருக்கிறார்களே என்று ஏங்கும் நம்மைப் போன்றோர், இந்தச் சந்நிதியில் இரண்டு நிமிடம் கூடுதலாக நிற்கலாம்.

பொற்றாமரைக் குளத்தைக் கடந்தால் ஆதி கும்பேசுவரர் கோயில். மணலும் அமுதமும் கலந்து உருவான லிங்கமாதலால் மூலவருக்கு நீர் அபிஷேகம் கிடையாது. மங்களாம்பிகை சந்நிதியில் மனம் தானாக அடங்கும். ஒரே கல்லில் இருபத்தேழு நட்சத்திரங்களும் பன்னிரு ராசிகளும் செதுக்கப்பட்ட நவராத்திரி மண்டபத்தையும், கல் நாகசுரத்தையும் கேட்டறிந்து காணுங்கள்.

நண்பகலும் மாலையும்

கோயில்கள் நண்பகலில் நடை சாத்தி, மாலை நான்கு மணியளவில்தான் திறக்கும். இந்த நான்கு மணி நேரத்தை வீணென்று எண்ண வேண்டாம். முழங்கால்களுக்கு இறைவன் தந்த ஓய்வு அது. 2002-இல் தொடங்கிய அன்னதானத் திட்டத்தின்படி பல கோயில்களில் நண்பகல் உணவு கிடைக்கிறது. அது ஏழைகளுக்கு மட்டும் உரியது என்று கூச்சப்படுவோர் உண்டு. அது பிரசாதம், வரிசையில் அமர்ந்து உண்ணுங்கள். இயன்றதை அன்னதான உண்டியலில் சேர்த்துவிடுங்கள்.

மாலையில், சாரங்கபாணி சந்நிதித் தெருவில் கணித மேதை இராமானுஜன் வாழ்ந்த சிறிய ஓட்டு வீட்டைக் காணலாம். பிறகு இராமசுவாமி கோயில். இரகுநாத நாயக்கர் காலத்து இக்கோயிலில், இராமனும் சீதையும் பட்டாபிஷேகக் கோலத்தில் ஒரே ஆசனத்தில் வீற்றிருக்கிறார்கள். திருச்சுற்றுச் சுவர் முழுதும் இராமாயணம் ஓவியமாக விரிகிறது. நிறைவாகச் சக்கரபாணி கோயில்: எட்டுத் திருக்கரங்களும் மூன்று கண்களுமாகக் காட்சி தரும் பெருமாளுக்கு, சிவனுக்குரிய வில்வத்தால் அர்ச்சனை நடைபெறும் அரிய தலம். அருகிலேயே காவிரிப் படித்துறை. பொழுது சாயும் நேரத்தில் அங்கே அமர்ந்திருக்கக் கட்டணம் ஏதுமில்லை.

இரண்டாம் நாள்

காலையில் நகரப் பேருந்தில் தாராசுரம் செல்லுங்கள். சுமார் நான்கு கிலோமீட்டர். இரண்டாம் இராசராசன் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயில், 2004-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்ந்தது. உலகெங்குமிருந்து காண வரும் இக்கோயிலுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. அறுபத்துமூவர் வரலாற்றைக் கைப்பிடி அளவுச் சிற்பங்களில் காணலாம். மூக்குக் கண்ணாடியை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.

அடுத்து சுவாமிமலை. தமிழ் ஆண்டுகள் அறுபதின் பெயர் தாங்கிய அறுபது படிகள். நின்று நின்று, தாம் பிறந்த ஆண்டின் படியில் சற்று இளைப்பாறி ஏறுங்கள். ஏற இயலாதோர், கீழேயுள்ள மீனாட்சி சுந்தரேசுவரர் சந்நிதியில் வழிபட்டு, மலையை நோக்கிக் கைகூப்பினாலும் தகப்பன்சாமி ஏற்றுக்கொள்வான். அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கணக்கு

கணவன், மனைவி இருவருக்குமாக, சென்னையிலிருந்து சென்று திரும்ப என் மதிப்பீடு இது: படுக்கை வசதி ரயில் சீட்டுகள் நான்குக்கு ரூ.1,200, குளிர்சாதனமில்லாத எளிய அறைக்கு ஓரிரவு ரூ.1,000; சிற்றுண்டி, காபி, ஒரு வேளைச் சாப்பாடு முதலியன ரூ.800, பேருந்தும், கால் வலித்தால் ஆட்டோவும் ரூ.300, அர்ச்சனை, நெய்விளக்கு, உண்டியல் ரூ.300. மொத்தம் ரூ.3,600. விழாக் காலங்களில் அறை வாடகை உயரும். சாதாரண வார நாள்களே நல்லவை.

மாதம் முந்நூறு ரூபாய் தனியே எடுத்து வைத்தால், பன்னிரண்டு மாதத்தில் இத்தொகை சேர்ந்துவிடும். அஞ்சலக அல்லது வங்கித் தொடர் வைப்புக் கணக்கு ஒன்று இதற்கென்றே இருக்கட்டும். நான் மேலே சொன்ன அம்மையாருக்கு இவ்வழியையே கூறினேன். மறு ஆண்டே அண்டை வீட்டுப் பெண்மணிகள் இருவரோடு சென்றுவந்து, குங்குமப் பொட்டலத்தை என் மேசைமீது வைத்தார். "என் பணத்தில் போய் வந்தேன் சார்" என்றார்.

சில எச்சரிக்கைகள்: மருந்து மாத்திரையும் மருத்துவர் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும். வெயில் ஏறிய பின் கல்தளம் சுடும். காலை பத்து மணிக்குள் பெரிய பிராகாரங்களை வலம்வந்து விடுங்கள். நகைகளை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் மகாமகம் 2016-இல் நடைபெற்றது, அடுத்தது 2028-இல். அப்போது திரளும் கூட்டத்தில் முதியோர் நின்று தரிசிப்பது அரிது. கால்கள் ஒத்துழைக்கும்போதே, கூட்டமில்லாத ஒரு நாளில் சென்று வாருங்கள். மங்களாம்பிகை உடனுறை ஆதி கும்பேசுவரர் அனைவருக்கும் ஆரோக்கியமும் மன நிறைவும் அருள்வாராக.