நீல முட்டை போடும் கோழி: ஓட்டின் நிறத்துக்கும் சத்துக்கும் தொடர்பு உண்டா?

நீல நிற முட்டையை போட்டோவில் பார்த்தால் 'ஃபில்டர்' என்றுதான் நினைப்பீங்க. ஆனால் அரௌகானா கோழி போடும் முட்டையே நீலம்தான். தென் அமெரிக்க நாடான சிலியில், மாபுச்சே பழங்குடிகள் வளர்த்த கோழிகளின் வழிவந்த இனம் இது.

நீலம் எப்படி வருது?

எப்போதோ ஒரு ரெட்ரோவைரஸ் கோழியின் டிஎன்ஏவுக்குள் நுழைந்து அங்கேயே தங்கிவிட்டது. அதன் விளைவாக, ஓடு உருவாகும் இடத்தில் ஒரு மரபணு கூடுதலாக வேலை செய்து, பிலிவெர்டின் என்ற நிறமியை ஓட்டில் சேர்க்கிறது. 2013-ல் இது தெரியவந்தது. சீனாவின் டோங்ஷியாங் கோழியிலும் இதே மாற்றம் தனியாக நடந்திருக்கிறது.

அப்போ பிரவுன் முட்டை?

உடைச்சுப் பாருங்க, ஓட்டின் உள்பக்கம் வெளுப்பாக இருக்கும். பிரவுன், கடைசிக் கட்டத்தில் மேலே படியும் நிறம். நீலமோ ஓடு முழுக்க ஊடுருவும். நீல ஓட்டின் மேல் பிரவுன் படிந்தால், பச்சை முட்டை ரெடி!

எதில் சத்து அதிகம்?

ஓட்டின் நிறத்தை முடிவு செய்வது கோழியின் மரபணு. உள்ளே இருக்கும் சத்தை மாற்றுவதில் தீவனத்துக்குத்தான் பெரிய பங்கு. அதனால் "பிரவுன்னா ஹெல்த்தி" என்று யாராவது கூடுதல் விலை சொன்னால், கோழி என்ன தின்றது, முட்டை எப்போ போட்டது என்று கேளுங்க.