ஒருவரிடம் மட்டும் இருந்த நூல்

நினைவைச் சேர்த்து வைத்தல் – 9

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் ஏ-9 வீதியில் மூன்று கிலோமீற்றர் அளவில் அலுவிகாரைப் பாறைகள் வரும். கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபய மன்னன் காலத்தில், அதுவரை வாய்வழியாக மட்டுமே வாழ்ந்த பௌத்த மறைநூலான திரிபிடகம் முதன்முதலாக ஓலையில் ஏறியது இங்கேதான் என்பது மரபு. அதற்கு முன்பு இலங்கையைப் படையெடுப்பும் பஞ்சமும் உலுக்கியிருந்தன. பிடகத்தைப் பிரித்து மனனம் செய்து வைத்திருந்த பாணகர்கள் ஒவ்வொருவராக இறந்துகொண்டிருந்தார்கள். தீக நிகாயத்துக்கு ஒரு குழு, மச்சிம நிகாயத்துக்கு இன்னொரு குழு என்பது அவர்களின் ஏற்பாடு. அந்தப் பெரும் பஞ்சத்தில் மகாநித்தேசம் என்ற நூல் ஒரே ஒரு பிக்குவின் நினைவில்தான் எஞ்சியிருந்ததாகச் சமந்தபாசாதிகா உரை சொல்கிறது. அவரோ ஒழுக்கம் கெட்டவர். அவரிடம் போய்ப் பாடம் கேட்க மகாரக்கித தேரர் தயங்கினார். மூத்த தேரர் ஒருவர் வற்புறுத்தியதால் போய்க் கற்றார். நூல் பிழைத்தது.

தரவுகளைச் சேமிப்பவர்கள் எல்லோரும் அறிய வேண்டிய கதை இது. சென்ற வாரம் ஒற்றை ஹார்ட் டிஸ்க் எப்படிச் சாகிறது என்று பார்த்தோம். பலவற்றை ஒன்றாக இணைத்தால் ஆபத்து குறையும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. 1988 இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பட்டர்சன், கார்த் கிப்சன், ரண்டி கட்ஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதற்கான கணக்கு இருக்கிறது. ஒரு டிஸ்க் சராசரியாக 30,000 மணித்தியாலம் உழைக்கும் என்றால், நூறு டிஸ்க் சேர்ந்த கூட்டத்தில் ஏதோ ஒன்று 300 மணித்தியாலத்துக்கு ஒருமுறை சாகும். இரண்டு வாரம் கூட இல்லை. அந்தச் சாவைத் தாங்கும் ஏற்பாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர்தான் ரெய்ட்.

மூன்று டிஸ்குகளில் 7, 5, 4 என்ற எண்கள் இருப்பதாகக் கொள்ளுங்கள். நான்காவதில் அவற்றின் கூட்டுத்தொகை 16 ஐ எழுதி வைக்கிறோம். 5 இருந்த டிஸ்க் போய்விட்டால், 16 இலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் 5 திரும்பக் கிடைக்கும். கணினி இதைப் பிட் அளவில் வேறு கணக்கால் செய்கிறது என்றாலும் தத்துவம் இதுவே. இந்த மீட்பு எண்ணை எல்லா டிஸ்குகளிலும் பரப்பி வைப்பது ரெய்ட் 5. இரு வேறு விதமாகக் கணக்கிட்டு, ஒரே வேளையில் இரண்டு டிஸ்க் போனாலும் தாங்குவது ரெய்ட் 6.

இனி இணைப்பு. டிஸ்குகளை ஆளும் வழக்கமான ரெய்ட் கன்ட்ரோலர் அட்டையில் தரவு செல்லும் எட்டு வழிகள் உண்டு. அவை நான்கு நான்காக, சேர்வர் டிஸ்குகளுக்கான சாஸ் இணைப்பு முறையின் இரண்டு மினி சாஸ் சொக்கெட்டுகளில் வெளியே வருகின்றன. நேராக இணைத்தால் எட்டு டிஸ்குகளோடு முடிந்துவிடும். இருபத்துநான்கு வேண்டுமென்றால் அந்த வழிகளைப் பல டிஸ்குகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் எக்ஸ்பாண்டர் இடையில் வேண்டும். பெரிய சேர்வர் பெட்டிகளில் டிஸ்குகள் செருகும் பேக்பிளேனிலேயே அது பதிந்திருக்கும். வீட்டுக் கணினிகளில் இருக்கும் விலை குறைந்த சாட்டா வகை டிஸ்குகளையும் சாஸ் கன்ட்ரோலர் ஏற்கும். சாஸ் டிஸ்கைச் சாட்டா துவாரத்தில் செருக முடியாது.

கன்ட்ரோலரிலிருந்து எக்ஸ்பாண்டருக்கு ஒரே கேபிள் போதுமே என்று பலர் நிறுத்திக்கொள்வார்கள். சாஸின் ஆறு கிகாபிட் தலைமுறையில் ஒரு வழியில் நொடிக்கு 600 மெகாபைட், நான்கு வழிகளில் 2,400. இருபத்துநான்கு டிஸ்குகளும் ஒருசேர வேலை செய்தால் ஒன்றுக்கு நூறுதான் கிடைக்கும். அன்றாட வேலையில் இது தெரியாது. ஒரு டிஸ்க் செத்து, புதியதை நிரப்ப மற்ற எல்லாவற்றையும் முதலிலிருந்து கடைசி வரை வாசிக்க வேண்டி வரும்போதுதான் தெரியும். 16 டெராபைட் டிஸ்கை நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் நிரப்ப 22 மணித்தியாலம் ஆகும். பாதி வேகம் என்றால் 44. அந்த நேரம் முழுவதும் மிச்ச டிஸ்குகள் ஓய்வின்றி ஓடும். ஒரே நாளில் வாங்கிய ஒரே வயது டிஸ்குகள் என்றால் அடுத்தது விழுவதற்கும் அதுவே தருணம். ஆகவே இரண்டாவது கேபிளையும் போடுங்கள். பெரிய டிஸ்குகளுக்கு ரெய்ட் 5 ஐ நான் பரிந்துரைக்கவே மாட்டேன். பதினொன்று பதினொன்றாக இரண்டு ரெய்ட் 6 குழுக்கள், சும்மா காத்திருக்கும் மாற்று டிஸ்க் இரண்டு: இருபத்துநான்குக்கு இதுவே என் கணக்கு.

வீட்டுக் கணினிக்கான மலிவு டிஸ்குகளைச் சேர்வரில் போட்டால் இன்னொரு தொல்லை. வாசிக்க முடியாத ஓர் இடத்தில் அவை நெடுநேரம் முயன்றுகொண்டே இருக்கும். பதில் வராததால் கன்ட்ரோலர் அந்த டிஸ்கைச் செத்ததாகக் கருதி வெளியே தள்ளிவிடும். சேர்வருக்கென்று செய்யப்பட்டவை சுமார் ஏழு நொடியில் முயற்சியைக் கைவிட்டுப் பிழையைச் சொல்லிவிடும். மீதியைக் கன்ட்ரோலர் மீட்டுக்கொள்ளும்.

மின்சாரத்தையும் மறக்கக் கூடாது. சுழலத் தொடங்கும் கணத்தில் ஒரு டிஸ்க் 12 வோல்ட்டில் இரண்டு அம்பியர் அளவு இழுக்கும். இருபத்துநான்கும் ஒன்றாகத் தொடங்கினால் 600 வாட்டை நெருங்கும். ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கும்படி கன்ட்ரோலரில் அமைக்கலாம். இன்னொன்று, கன்ட்ரோலர் தன் தற்காலிக நினைவகத்தில் வாங்கிக்கொண்டே "எழுதியாயிற்று" என்று சேர்வருக்குச் சொல்லிவிடும். 2022 இல் ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்ட நாடு இது. மின்சாரம் போகும்போது அந்த நினைவகத்தைக் காக்க அட்டையோடு வரும் பெட்டரி செத்திருந்தால், அப்படிச் சொன்ன தரவு டிஸ்குக்குப் போகாமலே அழியக்கூடும். பழைய சேர்வர் வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பெட்டரியைத்தான்.

இத்தனை டிஸ்குகளையும் ஆள்வது ஒரே கன்ட்ரோலர். அது எரிந்தால் பெரும்பாலும் அதே தயாரிப்பாளரின் அதே குடும்பத்து அட்டைதான் அந்தக் கூட்டத்தை மறுபடி அடையாளம் காணும். ஒன்றை வாங்கி அலுமாரியில் வையுங்கள்.

பெட்டியே எரிந்தால்? 1848 மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது அலுவிகாரையின் ஓலைச்சுவடி நூலகம் அழிந்தது. பிடகம் அழியவில்லை. வேறு விகாரைகளிலும் பர்மாவிலும் சீயத்திலும் பிரதிகள் இருந்தன. 1981 இல் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் அவற்றில் உண்டு. அவை போனது போனதுதான்.

மாத்தளையில் இது எனக்கு வெறும் தொழில்நுட்ப விஷயமாகத் தோன்றவில்லை. கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கிய எம்மவர் காடு வழியே நடந்து வந்து சேர்ந்த ஊர் இது. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் தந்தையோ தந்தைவழி முன்னோரோ இங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டபோது, காட்டக் கடதாசி இல்லாமல் இலட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். இன்று தோட்டத்துப் பழைய பதிவேடுகளையும் பிறப்புச் சான்றுகளையும் கோயில் கணக்குகளையும் ஸ்கேன் செய்ய முன்வரும் இளைஞர்களைக் காணும்போது மனம் நிறைகிறது. 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம் அவர்களுக்கு நல்ல முன்னோடி. அவர்களிடம் நான் கேட்பது ஒன்றே. இருபத்துநான்கு டிஸ்க் சேர்வருக்குப் பணம் சேர்த்தால், அதில் ஒரு பங்கை ஒதுக்கி இன்னொரு பிரதியை மட்டக்களப்பிலோ யாழ்ப்பாணத்திலோ வேறு பெட்டியில் வையுங்கள். பணம் போதாவிட்டால் மாத்தளைச் சேர்வரைச் சிறியதாக்குங்கள், இரண்டாவது பிரதியை விட்டுவிடாதீர்கள்.

அந்த இரண்டாவது பிரதி உண்மையிலேயே வாசிக்கக்கூடிய நிலையில் இருக்கிறதா என்று மாதாமாதம் சோதிக்கும் முறையை அடுத்த வாரம் எழுதுகிறேன்.