பச்சைக் குழந்தையைப் படமெடுக்கப் போகிறீர்களா?

"வீட்டைக் கவனித்துக்கொண்டே செய்ய ஒரு தொழில் சொல்லுங்களேன்" என்று கேட்கும் சகோதரிகளுக்கு, நான் செய்துவரும் தொழிலையே சொல்வேன்: பச்சைக் குழந்தைகளைப் படமெடுப்பது.

பிறந்து இரண்டு வாரத்துக்குள் எடுப்பது நல்லது. அப்போதுதான் குழந்தை சுருண்டு, அசந்து தூங்கும். 50 மி.மீ. லென்ஸும் ஜன்னல் வெளிச்சமும் போதும். ஃபேனை நிறுத்திவிட்டு, வயிறு நிறையப் பால் குடித்த பிறகு ஆரம்பியுங்கள். உங்களுக்குச் சளி, காய்ச்சல் என்றால் போகவே போகாதீர்கள்.

குழந்தை தன் பிஞ்சுக் கைகளில் முகவாயைத் தாங்கியிருக்கும் படம் பார்த்திருப்பீர்கள். கழுத்தே நிற்காத குழந்தை எப்படித் தாங்கும்? உண்மையில் அது இரண்டு படம்! ஒன்றில் அம்மா தலையைப் பிடித்திருப்பார். மற்றதில் குழந்தையின் மணிக்கட்டை. கம்ப்யூட்டரில் இரண்டையும் இணைத்து, அம்மாவின் கையை அழித்துவிடுவோம். "ஒரே நொடி கையை எடும்மா" என்று பாட்டியே சொன்னாலும் நான் சம்மதிப்பதில்லை.

காசிலும் கண்டிப்பு வேண்டும். பாதிப் பணம் முன்னதாகவே வாங்குங்கள். படங்களை அன்றே இரண்டு இடங்களில் சேமியுங்கள். கேமராவின் தேய்மானம், பஸ் செலவு, ராத்திரி உட்கார்ந்து திருத்தும் நேரம் எல்லாம் கூட்டியே கட்டணம் சொல்லுங்கள். தெரிந்தவராயிற்றே என்று கூசினால், கைக்காசுதான் கரையும்!