யாத்திரிகரின் முதுகுச்சுமை

பழைய பெருவழிகளிலே நம் முன்னோர் சுமைதாங்கிக் கற்களை நாட்டி வைத்தனர். இரு கற்களை நிறுத்தி, அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்தியிருப்பர். தலைச்சுமையோடு வரும் வழிப்போக்கன் பிறர் உதவியின்றித் தன் மூட்டையை அதன்மேல் இறக்கி வைக்கலாம். இளைப்பாறிய பின் தானே அதனை ஏற்றிக்கொண்டு நடக்கலாம். உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குச் செல்லும் காட்டு வழியில் அத்தகைய கல் ஒன்றையேனும் நான் கண்டதில்லை. அங்கே மணலும் முட்புதரும் வெயிலுமே உண்டு. ஆகவே, அவ்வழியிற் செல்பவன் தன் சுமையைத் தாங்கும் வகையைப் புறப்படுமுன்னரே எண்ணித் தெளிதல் வேண்டும்.

நேயர்களே, ஆடி மாதத் திருவிழாவை நோக்கி ஆண்டுதோறும் நிகழும் கதிர்காமப் பாதயாத்திரையை நீங்கள் அறிவீர்கள். வடக்கே செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படுவோரும் உளர். மட்டக்களப்பிலிருந்து புறப்படுவோரும் உளர். எங்கள் கரடியனாற்றவர் செங்கலடிக்கு இறங்கிக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால், கதிர்காமம் போய்ச் சேர இருநூறு கிலோமீற்றருக்கு மேல் நடக்க வேண்டும். பொத்துவில் வரையில் ஊருக்கு ஊர் அன்னதானமும் தண்ணீர்ப்பந்தலும் உண்டு, சுமை பெரிதன்று. உகந்தை முருகனை வணங்கிக் காட்டுக்குள் அடி வைத்த பின்னரே சுமை என்பதன் பொருள் விளங்கும். குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என ஐந்தாறு நாட்கள் உணவும் நீரும் பாயும் நம் முதுகிலேயே வருகின்றன.

அம்முதுகுக்கு உகந்த பை எது, சட்டமுள்ள பையா, சட்டமில்லாப் பையா என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். இஃது அற்ப விடயமென்று எண்ணுவோர் என் தமக்கையாரைக் கேட்க வேண்டும். சென்ற யாத்திரையிலே, காட்டினுள் மூன்றாம் நாள் காலை, அவருடைய இடக்கை விரல்கள் மரத்துப்போயின. தண்ணீர்க் குவளையைக்கூட அக்கையால் தூக்க இயலவில்லை. அவர் சுமந்த பை நான் என் கையாலே தைத்துக் கொடுத்தது. அதனாலேயே இவ்விடயம் என் நெஞ்சை உறுத்துகின்றது.

சட்டமில்லாப் பை என்பது துணியாலான ஓர் உறையும் இரு தோள்வார்களுமே. அதிலுள்ள பாரம் முழுவதும் தோளிலே தொங்கும். சட்டமுள்ள பையிலோ அலுமினியக் குழாயாலோ, வளைந்த தகட்டாலோ, உறுதியான பிளாஸ்டிக் பலகையாலோ ஒரு முதுகெலும்பு அமைந்திருக்கும். அதன் அடிப்பாகம் இடுப்புப் பட்டியோடு பிணைந்திருக்கும். பாரம் சட்டத்தின் வழியே கீழிறங்கி இடுப்பெலும்பின்மேல் அமரும். அங்கிருந்து கால்களுக்குச் செல்லும். தோள்வார்கள் பை பின்னே சாயாமற் பிடித்துக்கொள்ளும் வேலையையே பெரும்பாலும் செய்யும். தோளெலும்பைவிட இடுப்பெலும்பு பலமுடையது. குழந்தையை இடுப்பில் ஏந்தும் தாய்மாருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சட்டமில்லாப் பைக்கும் இடுப்புப் பட்டி தைத்தால் என்ன என்று கேட்கலாம். நானும் அவ்வாறே எண்ணித் தைத்தேன். பாரம் அதிகமானபோது பை நடுவிலே மடிந்து குறுகிவிடுகின்றது. பட்டி இடுப்பை இறுக்குகின்றதேயன்றிப் பாரத்தை ஏற்பதில்லை. வளையும் தூணின்மேல் கூரை நில்லாதென்பது கட்டடக்காரருக்குத் தெரியும். பள்ளிக்கூட அதிபருக்குத் தெரியச் சற்றுக் காலம் சென்றது.

சட்டத்தின் வரலாறு சுவையானது. நோர்வே நாட்டில் ஓலே பெர்கன் என்பவர் 1908ஆம் ஆண்டளவில் வேட்டைக்குச் சென்றபோது, துணிப்பை முதுகை வருத்தக் கண்டு, ஒரு கிளையைத் தம் முதுகின் வடிவுக்கு வளைத்து அதிலே பையைக் கட்டினாராம். பின்னர் அதனை இரும்புக் குழாயாற் செய்து உரிமைப் பத்திரமும் பெற்றார். உலகப் போர்க்காலத்துப் படைவீரர் பைகள் பல அவ்வழி வந்தவையே. அமெரிக்காவில் டிக் கெல்டி என்பவர் ஒருநாள் மலையேறும்போது, மரச்சட்டத்தின் கீழ்நுனிகளைத் தம் காற்சட்டையின் பின்பைகளுக்குள் செருகினார். உடனே தோள் இலகுவாயிற்று! அந்த உணர்விலிருந்தே இடுப்பில் பாரம் ஏற்றும் பை பிறந்தது. 1952இல் அவர் தம் வீட்டிலேயே அலுமினியச் சட்டங்களை வளைத்தார். அவர் மனைவி நீனா பைகளைத் தைத்தார். 1967இல் கிரெக் லோ என்பவர் சட்டத்தைப் பைக்குள்ளேயே மறைத்து வைத்தார். இன்று கடைகளில் நாம் காணும் சட்டமுள்ள பைகள் பெரும்பாலும் இவ்வகையின.

இவ்வளவு முன்னேற்றத்துக்குப் பின்னர் சட்டத்தைக் கழற்றி எறிய வேண்டுமென்று சிலர் ஏன் கூறினர்? சுமையையே குறைத்துவிட்டால் அதைத் தாங்க எலும்புக்கூடு எதற்கு என்பது அவர்கள் வாதம். ரே ஜார்டின் என்ற அமெரிக்க நடைப்பயணி 1990களில் இக்கொள்கையைப் பரப்பினார். அவருக்கும் முன்னோடியாக எம்மா கேட்வுட் என்னும் மூதாட்டியைச் சொல்ல வேண்டும். பதினொரு பிள்ளைகளைப் பெற்றவர். 1955இல், தம் 67ஆம் வயதில், அப்பலாச்சியன் மலைவழி முழுவதையும், ஏறத்தாழ 3,300 கிலோமீற்றரை, தனியே நடந்து முடித்தார். அவர் கொண்டு சென்றது தாமே தைத்த ஒரு துணிப்பொதி. அதையும் ஒரு தோளிலேயே போட்டுச் சென்றார். மழைக்குக் குளியலறைத் திரை ஒன்று. காலுக்குச் சாதாரணத் துணிச்சப்பாத்து. எங்கள் யாத்திரையிலே உரப்பைக்குக் கயிறு கட்டி முதுகில் மாட்டிக்கொண்டு, இளைஞரை முந்தி நடக்கும் கிழவர்களைக் காணும்போதெல்லாம் அந்த அம்மையாரின் நினைவு எனக்கு வரும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அம்மலைவழியில் ஓடைகள் மிகுதி. இடையிடையே ஊர்களும் உண்டு. நம் காட்டிலோ ஆடி மாதம் கடுங்கோடை. ஆற்றில் மணலைத் தோண்டி ஊற்று நீர் எடுக்க வேண்டிய இடங்கள் உள. தொண்டர்களும் படையினரும் சிற்சில இடங்களில் நீர் வைத்து உதவுகின்றனர். அவர்களுக்கு நன்றி உரியது. ஆயினும் அதை நம்பி வெறும் போத்தலோடு நடப்பது அறிவுடைமையாகாது. ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோகிராம். நாளொன்றுக்கு நான்கு லீற்றர் சுமந்தால் நான்கு கிலோகிராம். அரிசி, பருப்பு, அவல், சர்க்கரை என ஆறு நாட்களுக்கு மூன்று கிலோகிராம். பாய், போர்வை, மாற்றுடை இரண்டு. பாத்திரம், கைவிளக்கு, மருந்து, பூசைப்பொருள் ஒன்றரை. ஆகப் பத்தரைக் கிலோகிராம். பையின் நிறை இன்னும் சேரவில்லை.

இங்கேதான் சிக்கல். நான் தைத்த சட்டமில்லாப் பை அரைக் கிலோகிராமே. நான் முன்னர் விலைக்கு வாங்கிய சட்டமுள்ள பை இரண்டு கிலோகிராம். இடையிலுள்ள ஒன்றரைக் கிலோகிராமுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர் கொண்டு செல்லலாம். நாவலடி வெயிலில் ஒன்றரை லீற்றர் நீரின் மதிப்பென்ன என்பதை நடந்தவரே அறிவர். அதே வேளையில், ஒன்பது பத்துக் கிலோகிராமுக்கு மேற்பட்டால் சட்டமில்லாப் பை தோளை வதைக்கத் தொடங்குமென்பது அனுபவசாலிகள் பலரும் ஒப்பும் உண்மை. நமது சுமை அந்த எல்லைக்கோட்டின் மீதே நிற்கின்றது.

என் முதல் யாத்திரையின் கதை இது. பெரிய பை வாங்கினேன், பெரிதாயிருந்ததனால் நிரப்பினேன். இரண்டு புத்தகங்கள், சவரப்பெட்டி, மூன்று வேட்டிகள், ஒரு போத்தல் ஊறுகாய்கூட இருந்தன. உகந்தையிலே ஒரு கடைத்தராசில் நிறுத்தபோது பதினேழு கிலோகிராம். சட்டம் அதைத் தாங்கிற்று, முழங்கால் தாங்கவில்லை. சட்டமுள்ள பையின் உண்மையான குறை அதன் நிறையன்று. எதையும் ஏற்றலாம் என்ற துணிவை அது நமக்குக் கொடுத்துவிடுகின்றது. அவ்வாண்டு ஊறுகாயை முதல் இரவிலேயே கூட்டத்தார் தீர்த்துவைத்தனர். புத்தகங்கள் இரண்டும் கதிர்காமம் வரையில் திறக்கப்படாமலே வந்தன.

அதன்பின் சட்டமில்லாப் பைக்கு மாறினேன். அதற்கோர் உபாயம் உண்டு. மேல்நாட்டார் இலேசான நுரைப்பாயை மடித்துப் பைக்குள் முதுகுப்பக்கமாக வைப்பர். அதுவே சட்டம்போல் நிற்கும். நான் எங்கள் பகுதிப் பன்பாயை மும்மடியாக மடித்து வைத்தேன். வளையும், ஆனால் குத்தாது. இரவில் விரித்துப் படுக்கலாம். பாய்க்கு அடுத்து உடைகள். பையின் நடுவே, முதுகுக்கு அண்மையில், அரிசியும் நீரும். மேலே அடிக்கடி வேண்டியவை. பை இடைவெளியின்றி இறுக நிரம்பியிருத்தல் வேண்டும். உணவு குறையக் குறையப் பை தொளதொளத்துத் தொங்கும். பக்கவாட்டுக் கயிறுகளை நாள்தோறும் இறுக்க வேண்டும். இவ்வாறு மும்முறை சென்று வந்தேன். எனக்கு ஒரு குறையுமில்லை. அந்தத் துணிவிலேதான் அக்காவுக்கும் ஒன்று தைத்தேன்.

கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புக் கற்றை காறையெலும்பின் அடியால் இறங்குகின்றது. ஒடுங்கிய வார் அவ்விடத்தைப் பலமணி நேரம் அழுத்தினால் கை மரக்கும். சிலருக்குத் தோள் தசை சோர்ந்துபோவதும் உண்டு. மலையேறுவோரும் படைவீரரும் நெடுங்காலமாக அறிந்த நோய் இது. அக்காவின் தோள் ஒடுங்கியது; நான் என் தோளுக்கு அளந்த வாரையே அவருக்கும் தைத்திருந்தேன். நீரை நான் சுமக்கிறேன் என்றாலும் அவர் இசையவில்லை. “தம்பி, நேர்த்தி என்னுடையது. தண்ணியை நீ சுமந்தால் நேர்த்தி உன்னுடையதாகிப் போகும்” என்றார். மருத்துவர் பார்த்தார்; ஐந்து வாரங்களில் விரல்கள் பழைய நிலைக்கு வந்தன. இவ்வாண்டும் புறப்படுவதாகச் சொல்கிறார்.

ஆகவே சட்டமுள்ள பையை மீண்டும் ஆராயலானேன். அதற்கும் குறைகள் உண்டு. சேலை உடுத்தவர் இடுப்புப் பட்டியை இறுக்கினால் கொய்சகத்தின் மடிப்புகள் அடியிலே திரண்டு இடுப்பைப் புண்ணாக்கும். வெளிச்சட்டமாயின் குறுக்குப் பாதைகளிலே சூரைமுட் கிளைகள் கொழுவி இழுக்கும். நன்மைகளும் உள. சட்டத்துக்கும் முதுகுக்கும் இடையே வலை பூட்டியிருந்தால் காற்று உலாவும். சட்டை நனைந்து ஒட்டாது. மரத்திலே சாய்த்து நிறுத்திவிட்டு, அமர்ந்தபடியே வார்களுள் கைகளை நுழைத்து எழும்பலாம். சுமைதாங்கிக் கல் இல்லாத வழியில் இது முதியவருக்குப் பேருதவி. யானை வந்தால் எந்தப் பை நல்லதென்று என் மாணவன் ஒருவன் கேட்டான். விரைவிற் கழற்றக்கூடிய பை என்றேன். கொளுக்கி ஒரே அழுத்தலில் கழலுகின்றதா என்று கடையிலேயே பார்த்துக்கொள்வது நன்று.

அளவு பொருந்தாத சட்டம், சட்டமில்லாமையினும் கேடு. தலையைக் குனிந்தால் பிடரியின் அடியில் ஓர் எலும்பு முண்டாகத் தெரியும். அதிலிருந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கு நேரான முதுகுக்கோடு வரையில் நாடாவால் அளக்க வேண்டும். ஆளின் உயரம் இதற்கு வழிகாட்டாது. நெட்டையருக்குக் குறுமுதுகு இருப்பதுண்டு. பாரத்தை ஏற்றி, பட்டியை இறுக்கியபின், தோள்வார்களைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். பாரம் இடுப்பிலேயே நின்றால் அளவு சரி. பை வழுகி இறங்கினால் அந்தப் பையை விட்டுவிடுங்கள்.

அக்காவின் முதுகு நாற்பத்திரண்டு சென்றிமீற்றர். ஒரு கிலோகிராமுக்குச் சற்றே மேற்பட்ட நிறையுடைய, உள்ளே இரு மெல்லிய அலுமினியத் தண்டுகள் கொண்ட பை ஒன்று அந்த அளவிற் கிடைத்தது. முதலில் அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. “ஏணியையா முதுகில் கட்டச் சொல்கிறாய்?” என்றார். ஒன்பது கிலோகிராம் அரிசியை அதில் இட்டு, மாலைவேளைகளில் குளக்கட்டிலே நடக்கிறோம். முதல் நாள் ஒரு மணி நேரம். இப்போது மூன்று மணி நேரம். மூன்றாம் வாரத்தில் குசலனார்மலை அடிவாரம் வரை போய்வந்தோம். திரும்பியதும் இடக்கையால் ஒரு செம்புத் தண்ணீரைத் தூக்கி அண்ணாந்து குடித்தார். நானும் பார்த்தும் பாராதவன்போல் இருந்தேன்.

என் பை பழைய துணிப்பையே. என் சுமையை ஒன்பதுக்குள் அடக்கப் பழகிவிட்டேன். அக்காவின் பட்டிக்கு உட்புறமாகப் பஞ்சு வைத்த ஒரு நூற்சேலைத் துண்டைத் தைக்க வேண்டியிருக்கிறது. கொய்சகத்தை முன்னே விடாமல் பக்கவாட்டிற் செருகினால் பட்டி சமமாக அமருமென்று அவரே கண்டுபிடித்திருக்கிறார். நாளை மாலை அதையும் நடந்து பார்ப்போம்.