பிளேஸ்டேஷனும் கம்ப்யூட்டரும் ஒரே இணைப்பில்: "நேட் டைப் 3" ஏன் வருது?

இந்த எபிசோடு முழுக்க ஒரே ஒரு கேள்விக்கான பதில்தான். மதுரையிலிருந்து ஒரு நேயர் எழுதியிருந்தார். வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. கம்ப்யூட்டரில் எல்லாமே ஒழுங்கா ஓடுது. புதுசா வாங்கின பிளேஸ்டேஷன் 5-லயும் கேம் டவுன்லோட் ஆகுது, யூடியூப் ஓடுது. ஆனா பார்ட்டி சாட்டில் பாதி நண்பர்களோட குரல் கேட்கல, சில கேம்களில் லாபிக்குள்ளயே நுழைய முடியல. நெட்வொர்க் டெஸ்ட் போட்டா "நேட் டைப் 3"ன்னு வருது. கடைக்காரர் சொன்னாருன்னு 7,000 ரூபாய்க்கு ஒரு கேமிங் ரூட்டர் வாங்கி மாட்டிட்டார். அப்பவும் டைப் 3. "இன்னும் பெரிய ரூட்டரா வாங்கணுமா அண்ணா?"

வேண்டாம் தம்பி. நீங்க மாட்டியிருக்கிற விதத்தில், புது ரூட்டர் பிரச்னையை இன்னொரு படி கூட்டித்தான் இருக்கு. ஏன்னு சொல்றேன்.

உங்க வீட்டுக்கு இணையத்தில் ஒரே ஒரு முகவரிதான். ஆனா உள்ளே கம்ப்யூட்டர், பிளேஸ்டேஷன், நாலு போன், டிவி எல்லாம் இருக்கு. இதை ஓர் அபார்ட்மென்ட் மாதிரி நினைச்சுக்கோங்க. ரூட்டர்தான் வாட்ச்மேன். மூணாவது மாடியிலிருந்து ஒரு கடிதம் வெளியே போனா, எந்த வீட்டிலிருந்து யாருக்குப் போச்சுன்னு ரெஜிஸ்டரில் எழுதி வச்சுக்குவார். பதில் வந்ததும் ரெஜிஸ்டரைப் பார்த்து சரியான வீட்டுக்குக் கொடுத்துடுவார். இந்த வேலைக்குப் பேர்தான் நெட்வொர்க் அட்ரஸ் டிரான்ஸ்லேஷன், சுருக்கமா நேட்.

யூடியூப், டவுன்லோட், பிரவுசிங் எல்லாமே நாம முதலில் கேட்டு, பிறகு பதில் வர்ற விஷயம். அதனால சிக்கல் இல்ல. பார்ட்டி சாட்டும் சில மல்டிபிளேயர் கேம்களும் அப்படி இல்ல. நண்பரோட கன்சோல் நேரா உங்க கன்சோலைத் தேடி வரும். வாட்ச்மேனுக்கு அது முன்பின் தெரியாத ஆள். ரெஜிஸ்டரில் பேர் இல்ல, திருப்பி அனுப்பிடுவார். வேகம் 100-ஆ 300-ஆங்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

இதைச் சமாளிக்க யூபிஎன்பின்னு ஒரு வசதி இருக்கு. கன்சோலே வாட்ச்மேன்கிட்ட போய், "இந்த எண்ணைக் கேட்டு யாராவது வந்தா என்கிட்ட அனுப்புங்க"ன்னு சொல்லி வைக்கும். இது வேலை செஞ்சா பிளேஸ்டேஷனில் டைப் 2 வரும், எக்ஸ்பாக்ஸில் "ஓப்பன்" வரும். டைப் 1 வரணும்னு யூடியூபில் நிறைய பேர் மெனக்கெடுறாங்க. அது ரூட்டரே இல்லாம கன்சோலை நேரா இணையத்தில் சொருகினா வர்றது. நமக்கு டைப் 2 தாராளம்.

இப்போ நம்ம நேயர் வீட்டுக்கு வருவோம். ஃபைபர் கம்பெனிக்காரங்க சுவரில் மாட்டிட்டுப் போன வெள்ளைப் பெட்டி இருக்கில்ல, அதை வெறும் மோடம்னு பலர் நினைக்கிறாங்க. பெரும்பாலும் அதுவே ஒரு முழு ரூட்டர். அதுக்குப் பின்னாடி இன்னொரு ரூட்டரை மாட்டினா ரெண்டு வாட்ச்மேன். பிளேஸ்டேஷன் உள் கேட் வாட்ச்மேன்கிட்ட சொல்லி வச்சாச்சு. வெளி கேட்டில் இருக்கிறவருக்கு அது தெரியவே தெரியாது. இதுதான் டபுள் நேட். இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. கம்ப்யூட்டர் பழைய பெட்டியிலும் கன்சோல் புது ரூட்டரிலும் இருந்தா, ரெண்டும் ஒரே அறையில் இருந்தும் வேற வேற நெட்வொர்க். கம்ப்யூட்டரில் இருக்கிற மீடியா சர்வர் டிவி பக்கத்தில் இருக்கிற கன்சோலுக்குத் தெரியாது.

உங்க வீட்டில் எத்தனை வாட்ச்மேன்னு கண்டுபிடிக்க 5 நிமிஷம் போதும். கம்ப்யூட்டரில் ரூட்டரோட பக்கத்தைத் திறங்க, பொதுவா 192.168.1.1 அல்லது 192.168.0.1. ஸ்டேட்டஸ் பக்கத்தில் டபிள்யூஏஎன் ஐபின்னு ஒரு எண் இருக்கும். குறிச்சுக்கோங்க. அப்புறம் கூகுளில் "வாட் இஸ் மை ஐபி"ன்னு தேடுங்க. கூகுள் ஐபிவி6 முகவரியைக் காட்டினா, அது நீளமா கோலன் போட்டு இருக்கும், அதை விட்டுடுங்க. நாலு பகுதியா புள்ளி வச்ச எண்தான் வேணும். ரெண்டும் ஒண்ணா இருந்தா ஒரே வாட்ச்மேன், நல்ல செய்தி. ரூட்டரில் 192.168-ன்னு ஆரம்பிச்சா மேல இன்னொரு ரூட்டர் இருக்குன்னு அர்த்தம். அப்போ அந்த வெள்ளைப் பெட்டியோட பக்கத்தையும் திறந்து இதே மாதிரி பாருங்க.

டபுள் நேட்டைத் தீர்க்க ரெண்டு வழி. சுலபமானது, உங்க புது ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாத்துறது. யாருக்கும் போன் பண்ண வேண்டாம். அதுக்கப்புறம் அது வைஃபை கொடுக்கிற வேலையை மட்டும் பார்க்கும், எல்லாக் கருவியும் ஒரே நெட்வொர்க்கில் வந்துடும். ஆனா "கேமிங்"னு சொல்லி உங்களுக்கு வித்த வசதிகளில் பெரும்பாலானவை தூங்கிடும். கொடுத்த காசு வீணாகக் கூடாதுன்னா ரெண்டாவது வழி: வெள்ளைப் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு மாத்தச் சொல்லி கம்பெனிகிட்ட கேட்டு, யூசர் நேம், பாஸ்வேர்டை உங்க ரூட்டரில் போடுறது. வீட்டு லேண்ட்லைனும் அதே பெட்டியிலிருந்துதான் வருதுன்னா, மாத்தினா போன் வேலை செய்யுமான்னு முதல்லயே கேட்டுக்கோங்க. அம்மாகிட்ட திட்டு வாங்காதீங்க.

ஒரு எச்சரிக்கை. டிஎம்இசட்ல போடுன்னு யாராவது சொன்னா, கன்சோலுக்கு வேணா யோசிக்கலாம், கம்ப்யூட்டரை அதில் போடவே போடாதீங்க. தெருவில் போறவங்க எல்லாரையும் உங்க வீட்டு வாசல் வரைக்கும் விடுற மாதிரி அது. அதே மாதிரி போர்ட் ஃபார்வர்டிங்கைக் கையால போட்டா ஒரு போர்ட் ஒரு கருவிக்குத்தான் போகும். எக்ஸ்பாக்ஸும் கம்ப்யூட்டரில் கால் ஆஃப் டியூட்டியும் 3074-ங்கிற அதே போர்ட்டைத்தான் கேட்கும். அண்ணன் ஒண்ணிலும் தம்பி இன்னொண்ணிலும் விளையாடுற வீட்டில் சண்டை அங்கதான். அப்படி இருந்தா கையால போட்டதை அழிச்சுட்டு யூபிஎன்பிகிட்ட விட்டுடுங்க, இல்லன்னா எக்ஸ்பாக்ஸ் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் வேற போர்ட்டைத் தேர்ந்தெடுங்க.

நேயர் அனுப்பின ஸ்கிரீன்ஷாட்டில் இன்னொரு விஷயமும் இருந்தது. வெள்ளைப் பெட்டியோட டபிள்யூஏஎன் ஐபி 100-ன்னு ஆரம்பிக்குது. இதுதான் மூணாவது வாட்ச்மேன், அவர் உங்க வீட்டிலேயே இல்ல.

ஐபிவி4-ல மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். உலக அளவில் கையிருப்பா இருந்த கடைசித் தொகுதிகளை 2011 பிப்ரவரியில் பிரிச்சுக் கொடுத்தாச்சு. அதனால கம்பெனிகள் ஆயிரக்கணக்கான வீடுகளை சில முகவரிகளுக்குப் பின்னாடி வைக்க ஆரம்பிச்சாங்க. இதுக்குன்னே 2012-ல 100.64-லிருந்து 100.127 வரைக்கும் தனியா ஒதுக்கினாங்க. உங்க பெட்டியில் அந்த எல்லைக்குள்ள ஓர் எண் இருந்தா, நீங்க கேரியர் கிரேடு நேட்டுக்குள்ள இருக்கீங்க. சில கம்பெனிகள் 10-ல ஆரம்பிக்கிற எண்ணும் கொடுப்பாங்க. இந்த நிலையில் ஏழாயிரம் இல்ல, எழுபதாயிரம் ரூபாய் ரூட்டர் வாங்கினாலும் வெளியிலிருந்து வர்ற இணைப்பு உங்க வீட்டு வாசலுக்கே வராது. கடைக்காரர் இதைச் சொல்லியிருக்கணும்.

ஐபிவி6 இருந்தா கொஞ்சம் உதவும். எக்ஸ்பாக்ஸ் ஒன் 2013-ல வந்தப்பவே அதை ஆதரிச்சது. ஆனா கேமும், எதிரில் ஆடுறவர் வீட்டு இணைப்பும் ஆதரிக்கணும்.

அதனால நேயருக்கு என் பதில் இது. முதலில் புது ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாத்துங்க, வெள்ளைப் பெட்டியில் யூபிஎன்பி ஆன்ல இருக்கான்னு பாருங்க, டெஸ்ட் போடுங்க. கம்பெனியோட நேட் எவ்வளவு கறார்ங்கிறதைப் பொறுத்து சில இடங்களில் இதுக்கே டைப் 2 வந்துடும். வரலன்னா கஸ்டமர் கேருக்கு போன் பண்ணுங்க. "நெட் ஸ்லோ"ன்னு மட்டும் சொல்லாதீங்க. சொன்னா ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லுவாங்க. "எனக்கு சிஜிநேட் இல்லாம பப்ளிக் ஐபி வேணும், ஸ்டாட்டிக் ஐபி கொடுக்கிறீங்களா, வருஷத்துக்கு எவ்வளவு?"ன்னு கேளுங்க. முதலில் எடுக்கிறவருக்குப் புரியலன்னா டெக்னிக்கல் டீமுக்கு மாத்தச் சொல்லுங்க, புகார் எண்ணை வாங்கிக்கோங்க.