வீடே மருத்துவமனையானது

காசநோய் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் குடும்பமே கலங்கிய காலம் ஒன்று இருந்தது. 'எலும்புருக்கி' என நம் முன்னோர் இட்ட பெயரே அந்த அச்சத்தைப் புலப்படுத்தும். நோய் கண்டவரைச் சானடோரியத்தில் சேர்த்து, மாதக்கணக்கில் படுக்கையில் வைத்து, ஓய்வும் சத்துணவும் தூய காற்றும் அளிப்பதே தக்க சிகிச்சை என்று மருத்துவ உலகம் கருதிற்று. ஆனால், நம் நாட்டில் நோயாளிகளோ இலட்சக்கணக்கானோர். படுக்கைகளோ மிகச் சிலவே. அப்படியானால் ஏழைக்கு வழி என்ன?

இவ்வினாவுக்கு விடை காணவே 1956ஆம் ஆண்டில் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் நிறுவப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் இதற்குக் கைகோத்தன. பிரிட்டனிலிருந்து வந்த டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் நம் நாட்டு மருத்துவர்களோடும் செவிலியரோடும் இணைந்து பணிபுரிந்தார்.

நகரின் எளிய குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள், எவருடைய விருப்பு வெறுப்பும் கலவாத முறையில், இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் தங்கினர். மறு பிரிவினர் தம் நெருக்கடியான வீடுகளிலேயே இருந்தனர். இரு சாராருக்கும் ஓராண்டுக்கு அதே மாத்திரைகள். முன்னறிவிப்பின்றி வீடு தேடிச் சென்று, மாத்திரைகளை எண்ணிப் பார்த்தும் சிறுநீரைச் சோதித்தும், மருந்து ஒழுங்காக உட்கொள்ளப்படுகிறதா எனக் கண்காணித்தனர்.

1959இல் வெளியான முடிவு உலகையே வியக்க வைத்தது. குறைந்த உணவும் குறைந்த ஓய்வும் பெற்ற வீட்டு நோயாளிகளும், சானடோரியத்தில் இருந்தோருக்கு ஏறக்குறைய நிகராகவே குணம் பெற்றனர். வீட்டில் வைத்துப் பேணியதால் குடும்பத்தாருக்குத் தொற்று மிகுந்துவிடவும் இல்லை. தொற்று பெரும்பாலும் சிகிச்சை தொடங்குமுன்பே நேர்ந்திருந்தது.

இதன் விளைவு பெரிது. உலக சுகாதார நிறுவனம், யூனிசெஃப் ஆகியவற்றின் துணையோடு பெங்களூரில் 1959இல் தேசியக் காசநோய் நிறுவனம் எழுந்தது. 1962இல் தேசியக் காசநோய்த் திட்டம், வீட்டிலிருந்தே பெறும் சிகிச்சையை அடித்தளமாகக் கொண்டு பிறந்தது. சென்னை மையமோ இன்று காசநோய் ஆராய்ச்சிக்கான தேசிய நிறுவனமாக நம் நாட்டவராலேயே நடத்தப்பெறுகிறது. வெளியார் உதவி அறிவையும் கருவியையும் தந்தது. விடையைத் தந்தவர்களோ நம் ஏழைக் குடும்பத்தினர். உதவி பெறுபவரைத் தம் காலில் நிற்கச் செய்வதே மெய்யான ஒத்துழைப்பு அன்றோ?

இருப்பினும், காசநோய் இன்னும் நம்மை விட்டு அகலவில்லை. இரு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனைக்குத் தயங்காது செல்வோம். அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம்; 2018 முதல் சத்துணவுக்கென மாதந்தோறும் உதவித்தொகையும் உண்டு. சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை போதும். ஆனால், இரண்டு மாதத்தில் உடல் தேறிவிட்டதென எண்ணி மாத்திரையை நிறுத்துவோர், மருந்துக்கு அடங்காத நோய்க்கு வழி திறக்கின்றனர்.

நோயுற்றவருக்குத் தனித் தட்டு வைத்து ஒதுக்குவதைவிட, அவர் அன்றாடம் மாத்திரை விழுங்கினாரா என்று அன்போடு கேட்பதே நாம் செய்யத்தக்க பணி. அப்பணிக்குப் பட்டம் தேவையில்லை. ஒரு குடும்பம் போதும்.